பெல்ட்டுக்கு ஊற்றிய நல்லெண்ணெய்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி பிறந்த சமயத்தில், தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் நடந்தது இது. பேப்பரில் போடும்படியான பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஒரு டிரெட்மில்லும் ஒரு மடையனும் சம்பந்தப்பட்ட விஷயம், அவ்வளவுதான். மடையன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எண்ணெய் வியாபாரி. சொந்தமாகச் செக்கு வைத்து நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஆட்டி விற்கிறேன். எங்கள் வீட்டில் எண்ணெய் வாசனை இல்லாத பொருளே கிடையாது. என் சட்டை, ஸ்கூட்டர் சீட், கல்யாண ஆல்பம் வரைக்கும் அந்த வாசனைதான். கதவு கிரீச்சிட்டாலும், பூட்டு திறக்க மறுத்தாலும், எனக்கு முழங்கால் வலித்தாலும் ஒரே மருந்துதான். நாலு சொட்டு விட்டால் ஓடாத பொருள் உலகத்தில் இல்லை என்று முப்பது வருடமாக நம்பி வந்தவன் நான்.

என் மனைவிக்கு நாற்பத்தெட்டு வயதில் பார்வை ஓரங்களிலிருந்து குறையத் தொடங்கியது. விழித்திரையில் கோளாறு, மெல்லத்தான் குறையும், ஆனால் நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. சாவித் துவாரம் வழியாக அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்பாள். அதற்கு முன்னால் தினமும் விடியற்காலையில் பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தவள். ஒரு நாள் பக்கவாட்டில் வந்த உப்பு லாரி அவள் கண்ணில் படவே இல்லை. ஹாரன் சத்தம் கேட்டு ஒதுங்கித் தப்பித்தாள். அன்றோடு தனியாக வெளியே நடப்பது நின்றது. நான் கூட வருகிறேன் என்றால், "நீங்க வந்தா பேசிக்கிட்டே வருவிய, எனக்கு நடந்த மாதிரியே இருக்காது" என்று சொல்லிவிட்டாள். அதுவும் உண்மைதான்.

பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு டிரெட்மில் வாங்கி அனுப்பினாள். மாடியறையில் கிழக்கு ஜன்னலைப் பார்த்த மாதிரி போட்டோம். அந்த ஜன்னலில் நின்றால், மற்ற வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குக் கடல் தெரியும். காலையில் அது கடல் மாதிரியே இருக்காது. வானத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு வெளிச்சக் கோடு, அவ்வளவுதான். சில நாள் அந்தக் கோட்டின் மேல் ஒரு கப்பல் அசையாமல் நிற்கும். மறுநாள் பார்த்தால் இருக்காது. அவளுக்கு மிச்சமிருந்த பார்வைக்கு அந்தக் கோடு சரியாக இருந்தது. இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நடப்பாள்.

ஒரு மாதம் போயிருக்கும். காபி எடுத்துக்கொண்டு மேலே போனேன். "முள்ளக்காடு தாண்டிட்டேன்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் தன் பிறந்த ஊரான ஏரலுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறாளாம். தினமும் மிஷின் காட்டும் தூரத்தை முந்தின நாள் தூரத்தோடு கூட்டிக்கொண்டே வருகிறாளாம். எங்கே நிறுத்தினாளோ, மறுநாள் அங்கேயிருந்து கிளம்புவாள். ஊர் போய்ச் சேர்ந்தால் திரும்பி வீட்டுக்கு நடப்பாள், மறுபடியும் கிளம்புவாள்.

அதற்குப் பிறகு அந்த மாடியறைக்குள் ஒரு ரோடு ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கும் அது தெரிய ஆரம்பித்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். காலையில் நான் கீழே கட்டிலில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். மேலே பெல்ட் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ஓடும். அவள் காலடி அதன் மேல் சீராக விழும். கடல்காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போடும். அந்த நேரத்தில் எங்கள் வீடே மெதுவாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பது மாதிரி எனக்குத் தோன்றும். பழைய துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு தோணி கிளம்புமே, கிளம்பியது தெரியாமலே கரை தள்ளிப் போகுமே, அப்படி.

எழுந்து மேலே போனால் அன்றைய வழியைச் சொல்லுவாள். ரெண்டு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியாகத் தண்ணீரில் வானம் கிடக்கிறது, குவித்து வைத்த உப்பின் மேல் ஓலை மூடியிருக்கிறது என்பாள். பழையகாயலில் ஒரு நாள் முழுக்க மழை என்றாள். வெளியே பார்த்தேன், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முக்காணி போனால் ஆற்றங்கரை வந்துவிடும், அதற்கப்புறம் வாழைத் தோட்டம் வாழைத் தோட்டமாகப் போய் ஏரல் கடைத்தெரு. அங்கே அவள் அப்பாவின் மாவு மில் இருந்தது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது, மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆனால் அவள் போகிற ரோட்டில் அந்த மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறாளே என்று ஒரு நாள் நான் பயந்து அதட்டினேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தொறந்தா நேர மட்டுந்தான் தெரியுது. மூடிக்கிட்டா ஓரமும் தெரியுது."

அந்த மிஷின் அவளுக்கு என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தும் அதைக் கெடுத்தேன் என்பதுதான் விஷயம்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பு எதுவும் இங்கே ஒழுங்காக வருடம் தாண்டாது. ஆறேழு மாதத்தில் மிஷின் கீச் கீச் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பெல்ட் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஓடியது. கம்பெனிக்குப் போன் செய்தால் ஆள் வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். இதற்கெதற்கு ஆள் என்று நினைத்தேன். கூட வந்த புத்தகத்தைப் பிரித்தேன். பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும் என்று போட்டிருந்தது. என்ன எண்ணெய் என்றும் போட்டிருந்தது. 'எண்ணெய்' என்ற இடத்தோடு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எண்ணெயைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

கடையிலிருந்து அன்று ஆட்டிய நல்லெண்ணெயில் ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தேன். அவள் கீழே சமையலில் இருந்தாள். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, அடிப்பலகையில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி ஊற்றினேன். நாலு சொட்டு போதும் என்று எல்லோருக்கும் சொல்லுகிறவன், சொந்த வீட்டு மிஷின் ஆயிற்றே என்று தாராளமாகவே ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். கீச் சத்தம் போன இடம் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ராஜா மாதிரி இறங்கி வந்தேன். எண்ணெய் போட்ட விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த வீட்டில் ஒரு புது எண்ணெய் வாசனையை யார் கண்டுபிடிக்க முடியும்?

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. "இன்னைக்கு ரோடு வெண்ணெ மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. நான் கீழே முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். மேலே அந்தச் சீரான சத்தம் ஒரு கணம் தடுக்கியது. அப்புறம் 'தடார்' என்று ஒன்று. அப்புறம் மிஷின் நிற்கும் 'பீப்'. சோப்பு நுரையோடு படியேறி ஓடினேன். அவள் கைப்பிடியைக் கட்டிப்பிடித்தபடி பெல்ட்டின் மேல் முழங்காலில் கிடந்தாள். சுடிதாரில் மாட்டியிருந்த கிளிப்பின் கயிறு இழுபட்டு, மிஷினிலிருந்து சிவப்பு முளை கழன்றதால் மிஷின் நின்றிருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் பின்னால் சுவரில் கொண்டுபோய் அடித்திருக்கும். முழங்கால் ரெண்டும் தோல் உரிந்து, மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது.

கட்டிலில் படுக்கவைத்து மருந்து போட்டேன். அவள் அழவில்லை. காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரிடமோ சொல்லுவது போல மெதுவாகச் சொன்னாள்: "கண்ணுதான் போகுதுன்னு நெனச்சேன். காலும் சேந்து போகுது போல. நடக்கச் சொன்னேன், அதுபாட்டுக்கு நின்னு போச்சு."

மிஷினை அணைத்துவிட்டு வருகிறேன் என்று மேலே போனேன். மனசுக்குள் ஏதோ இடித்தது. மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நானே ஏறி நின்றேன். கால் வைத்ததும் பெல்ட் அடியில் வழுக்கி அப்படியே நின்றது. காலை எடுத்ததும் வெடுக்கென்று இழுத்தது. குனிந்து பின்பக்க உருளையைத் தொட்டேன். தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசினாக விரலில் வந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் செக்கு எண்ணெய், முதல் தரம்.

அப்போதே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உன் காலில் ஒரு குறையும் இல்லை, நான் செய்த கோளாறு என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. "ரெஸ்ட் எடு, எல்லாம் சரியாப் போகும்" என்றேன். முதலில் மிஷினைச் சரிபண்ணிவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம். உண்மையில் வெட்கம். எண்ணெய் விஷயத்தில் தோற்றேன் என்று எப்படிச் சொல்லுவது?

சரிபண்ணும் லட்சணத்தையும் கேளுங்கள். கடையில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தேன். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று அவள் முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்துப் பெல்ட்டுக்கு அடியில் கொட்டினேன். அது முறுக்கு மாவு மாதிரி பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட் இருக்கிறது, அதை இறுக்கினால் வழுக்காது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கைக்கு வந்தபடி முறுக்கினேன். பெல்ட் இடது பக்கமாக நகர்ந்து போய்ச் சட்டத்தில் உரசி ஓரம் நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்தது. பயந்துபோய் அணைத்துவிட்டேன். மேலே என்ன சத்தம் என்று அவள் கேட்டதற்கு, ஜன்னலைச் சாத்தினேன் என்று சொன்னேன்.

அவள் மேலே வருவதையே விட்டுவிட்டாள். மழைக்காலம் வேறு, ஈரத்துணியைப் போட இடம் இல்லை. இரண்டே நாளில் டிரெட்மில்லின் கைப்பிடியில் என் வேட்டியும் துண்டும் தொங்க ஆரம்பித்தன. மகள் போனில், அம்மாவுக்கு ஆபத்து, அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். நான் 'ம்' போட்டேன்.

ஏரல் ரோட்டைப் பற்றி அவள் பேசவே இல்லை. எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று நான் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். நினைவில்லை என்றாள். பால் கணக்கைத் தேதி வாரியாக மனசில் வைத்திருக்கிறவளுக்கு அது நினைவில்லையாம். வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு கணம் நின்று, கால் பேச்சைக் கேட்குமா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அப்படியே மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அதன் மூலை முடுக்கெல்லாம் அவளுக்குக் கண் இல்லாமலே தெரியும்.

விழுந்த பதினோராவது நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "குளிக்கப் போகணும். கையப் பிடிங்க" என்றாள்.

பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு அடி தூரம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அன்றைக்குக் கடையில் வியாபாரம் ஓடவில்லை எனக்கு. வழக்கமாக நல்லெண்ணெய் வாங்க வரும் ஒருவர் வந்தார். துறைமுகத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. பெல்ட் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. தெரிந்தவர் ஒருவர் வீட்டு டிரெட்மில் இப்படி வழுக்குகிறது, ஒரு பக்கமாக ஓடுகிறது என்று கதையாகச் சொன்னேன். அவர் என் முகத்தையும் பின்னால் இருந்த எண்ணெய் டின்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தெரிஞ்சவரு நல்லெண்ணெயா ஊத்துனாரு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். சிரித்துவிட்டார். சமையல் எண்ணெய் சூட்டில் பிசினாகிவிடும், அதற்கு சிலிக்கான் எண்ணெய்தான், அதுவும் பெல்ட்டுக்கு அடியில், பலகையின் நடுவில் மட்டும் கொஞ்சமாக என்றார். எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டுத்தான் மற்றது. போல்ட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் திருப்பக் கூடாது, திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் பெல்ட் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் இறுக்க வேண்டும். அங்கே டன் கணக்கில் கரி சுமக்கிற பெல்ட்டானாலும் இதே பாடம்தான் என்றார். பொறுமைசாலியான மனிதர். போகும்போது திரும்பி, "யாருக்கும் அடிகிடி படலல்லா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவர் தலை மறைந்ததும் கடையில் ஆளைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துபோயிருந்தது. வழியில் கடல் பக்கமெல்லாம் மேகம் இறங்கி, மதியமா சாயங்காலமா என்று தெரியாமல் ஊரே ஒரு சாம்பல் வெளிச்சத்தில் கிடந்தது. ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவதாகவே எனக்குத் தோன்றவில்லை. ரோடுதான் எனக்கு அடியில் நகர்ந்து கொண்டிருந்தது.

அவள் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் எதிரே போய் நின்றேன். "ஏளா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாட்டில், ஊற்றியது, அவள் விழுந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்தது, பவுடர், போல்ட், ஜன்னலைச் சாத்தினேன் என்ற பொய். "ஒன் காலு நல்லாத்தான் இருக்கு. வழுக்கினது நான் ஊத்துன எண்ணெ."

அவள் என்னைப் பார்க்க முகத்தைத் திருப்பினாள். அந்தச் சாவித் துவாரத்துக்குள் என் முகம் வரும்வரை மெதுவாகத் திருப்பினாள். பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பதினோரு நாளா என் காலுகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "ஒனக்கு என்ன செய்யுது, ஏன் இப்படிப் பண்ணுதன்னு. ராவெல்லாம் கேட்டேன். நீங்க பக்கத்துலதான படுத்திருந்திய?"

அவள் எழுந்து உள்ளே போனாள். சுவரைத் தொடாமல் போனாள். அதை நான் கவனித்தேன்.

மதியச் சாப்பாட்டை வழக்கம்போல எடுத்து வைத்தாள். நான் கடைக்குப் போகவில்லை, வீட்டிலேயே திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாலு மணி இருக்கும். உள்ளேயிருந்து குரல் வந்தது. "பழைய வேட்டி ரெண்டு எடுங்க. பக்கெட்ல சோப்புத் தண்ணி கொண்டாங்க. மேல வாங்க."

நான் சொல்ல மறந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவள் வளர்ந்ததே மாவு மில்லுக்குள்தான். மோட்டாரிலிருந்து அரைக்கும் கல்லுக்கு ஒரு நீளப் பட்டை பெல்ட் ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாளாம். பெல்ட் விலகினால் சத்தத்திலேயே தெரிந்து அப்பாவைக் கூப்பிடுவாளாம். எண்ணெய்க் கேனைப் பெல்ட் பக்கம் யாராவது கொண்டு போனால் அந்த மனுஷர் ருத்ர தாண்டவம் ஆடுவாராம். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் பதினோரு நாள் போனில் யார் யாரையோ பார்த்தேன், இவளைக் கேட்கவில்லை. கண் தெரியாதவளிடம் எதைக் கேட்பது என்று எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இன்றைக்கும் கூச்சம்.

மேலே போய் என் துணிகளை அள்ளி என்னிடம் கொடுத்தாள். பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து பெல்ட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள், நூல் பிரிந்த இடத்தில் நின்றாள். ரெண்டு போல்ட்டையும் ஒரே எண்ணிக்கையில் தளர்த்தச் சொன்னாள். எத்தனை சுற்று என்று சத்தமாக எண்ணச் சொன்னாள், திரும்ப அதே அளவு இறுக்க வேண்டுமே. பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் வேட்டியை நுழைத்து, அவள் அந்தப் பக்கம் ஒரு முனை, நான் இந்தப் பக்கம் ஒரு முனை, மாற்றி மாற்றி இழுத்தோம். வேட்டி உள்ளே வெள்ளையாகப் போய்ப் பழுப்பாக வெளியே வந்தது. பவுடர் கட்டி கட்டியாக வந்தது. அவள் அதை விரலில் எடுத்து முகர்ந்தாள்.

"இது என் பவுடருல்லா?"

ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. "கண்ணுதான மங்கிச்சு, வாயும் காதுமா மங்கிப்போச்சு? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, மறைத்தது போதும் என்று இருந்தது.

நாலு வேட்டி போயிற்று அன்றைக்கு. இரவு முழுக்கக் காயட்டும் என்று ஃபேனைப் போட்டுவிட்டோம். மறுநாள் சிலிக்கான் எண்ணெய் வாங்கி வந்தேன். என் கையில் பாட்டிலைக் கொடுக்காமல் அவளே வாங்கி, பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டு, விரலால் அளந்து விட்டாள். எண்ணிய சுற்றுகளைத் திரும்ப இறுக்கினேன். நடுவில் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று நான்கு விரல் உயரம் தூக்க வந்தது. அது போதும் என்றாள்.

பிறகு வெறும் பெல்ட்டை மெதுவாக ஓடவிட்டோம். அவள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பின்னால் போல்ட் திருப்பும் சாவியோடு குந்தியிருந்தேன். "இடது பக்கம் உரசுது" என்றாள். இடது போல்ட்டைக் கால் சுற்று. காத்திருந்தோம். "இன்னும் உரசுது." இன்னொரு கால் சுற்று. எனக்கு அந்த உரசல் கேட்கவே இல்லை. அவளுக்குக் கேட்டது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் கடல் இல்லை, கோடு இல்லை, எல்லாம் ஒரே பால் நிறம். அந்த அறையில் நாங்கள் ரெண்டு பேரும் அந்த ஓட்டச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் சத்தம் மாறியது. மாறியது எனக்கும் தெரிந்தது. அறைக்குள் ஏதோ ஒன்று தூங்கிப்போன மாதிரி அப்படி ஒரு 'ம்ம்ம்'.

"இப்போ சரி" என்றாள்.

நான் முதலில் ஏறி நடந்து பார்க்கிறேன் என்றேன். அவள் சம்மதித்தாள். என் எண்பத்தைந்து கிலோவும் பத்து நிமிடம் நடந்தது, வழுக்கவில்லை. இறங்கியதும் அவள் எழுந்து வந்தாள். கிளிப்பைச் சுடிதாரில் மாட்டினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரச் சட்டத்தில் ரொம்ப நேரம் நின்றாள். பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வலது காலை வைத்தாள். பெல்ட் வாங்கிக்கொண்டது. இடது காலை வைத்தாள். நாலு அடி, பத்து அடி, அப்புறம் தோள் தளர்ந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது எனக்குத்தான்.

அந்தப் பெல்ட் ரொம்ப நாள் உழைக்கவில்லை. நான் பிய்த்த ஓரம் மேலும் பிரிந்துபோய், தையில் புதுப் பெல்ட் போட்டோம். அதையும் நாங்களே போட்டோம். அவள் பார்வை இப்போது இன்னும் குறைந்திருக்கிறது, ஆனால் நடை நிற்கவில்லை. என்னைக் கோபித்துக்கொண்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. எப்போதாவது கேலி செய்வதோடு சரி.

ஆனால் இன்றைக்கும் அவள் ஒரு டம்ளரைத் தட்டிவிட்டாலோ, வாசற்படியில் ஒரு கணம் தயங்கினாலோ, உடனே குனிந்து தன் கையையும் காலையும் தடவிப் பார்க்கிறாள். முன்பு அவளிடம் அந்தப் பழக்கம் கிடையாது. டம்ளரை ஓரத்தில் வைத்தது நான் என்றால் அந்த நொடியே சொல்லிவிடுகிறேன், அவளும் சரி என்று எழுந்து போய்விடுகிறாள். இருந்தாலும் அந்தக் கை முதலில் காலைத்தான் தேடிப் போகிறது. எண்ணெயை நாலு வேட்டியில் துடைத்து எடுத்துவிட்டோம், பதினோரு நாள் நான் வாய் மூடியிருந்தபோது அவளுக்குள் இறங்கிய அந்தச் சந்தேகத்தைத்தான் இன்று வரை என்னால் முழுதாகத் துடைத்து எடுக்க முடியவில்லை.